மலையுச்சிப் பழைய ஊர்களும் கடலோரமும்: இஸ்திரியாவில் மிதிவண்டிக்கு எந்தப் பாதை?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதத்தில் என் மனைவியும் நானும் இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் தொடங்கி, ஸ்லொவேனியாவின் குறுகிய கடற்கரையைக் கடந்து, குரோஷியாவின் இஸ்திரியா தீபகற்பத்தில் உள்ள குன்றுச்சி ஊர்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு, மேற்குக் கரையோரமாகப் பூலா வரை செல்வதாகத் திட்டமிட்டிருக்கிறோம். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சமதரையில் நாள் முழுவதும் மிதிப்பதில் சிரமமில்லை. மேட்டில் மட்டும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

கைவிடப்பட்ட ரயில்தடத்தின் மீது அமைந்த பாரென்சானா மிதிவண்டிப் பாதையைப் பற்றிப் படித்தேன். ட்ரியெஸ்டிலிருந்து போரெச் வரை அதையே பிடித்துக்கொண்டு சென்றால் போதுமா, அல்லது ஊர்களை இணைக்கும் சாலைகளில் செல்வதுதான் அந்த நிலத்தை அறிய உகந்த வழியா என்பதே என் முதன்மையான கேள்வி. வரைபடத்தில் பார்த்தால் எல்லா ஊர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கல்பாலம்

வணக்கம் ஐயா. இஸ்திரியாவில் தூரத்தைப் பார்த்து நாள்களைப் பிரிக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு பாதையில் ஏறுவது எளிதா கடினமா என்பதை அறிய, அந்தப் பாதையை யார், எதற்காகப் போட்டார்கள் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மூன்று வகையான வழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே கிடக்கின்றன. முதலாவது, கழுதையும் மனிதரும் நடந்து உருவான பழைய ஏற்றவழி. குன்றின் அடிவாரத்திலிருந்து ஊர்க்கோட்டை வாசலுக்கு அது சுற்றாமல் நேராக ஏறும்; பெரும்பாலும் கல் பாவியிருக்கும்; நாலு கால் உள்ள பிராணிக்குப் பொருந்துமே தவிர இரு சக்கரத்துக்கு ஆகாது. இரண்டாவது, வண்டிகளுக்காகப் போட்டுப் பின்னர் தார் பூசப்பட்ட சாலை. சுமை இழுக்கும் குதிரை மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்பதற்காக அது குன்றின் இடுப்பைச் சுற்றி, கொண்டை ஊசி வளைவுகளோடு செல்லும். குதிரையின் வலுவும் நம்முடைய வலுவும் வேறானாலும், குதிரைக்குத் தாங்கிய சரிவு குறைந்த கியரில் நமக்கும் தாங்கும். மூன்றாவது, ரயில்தடம். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் காலத்தில், 1902ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாரென்சானா, 760 மில்லிமீட்டர் அகலமே கொண்ட குறுகிய தண்டவாளத்தில் ஓடிய சிறு ரயில். அதன் நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே ட்ரியெஸ்டுக்கும் போரெச்சுக்கும் இடையே அது 123 கிலோமீட்டர் வளைந்து வளைந்து சென்றது. எங்கும் சரிவு மூன்று விழுக்காட்டைத் தாண்டவில்லை. 1935ஆம் ஆண்டில் ரயில் நிறுத்தப்பட்டு, தண்டவாளங்களும் பிடுங்கப்பட்டன. சரிவு மட்டும் அப்படியே இருக்கிறது. நமக்குத் தேவையும் அதுதான்.

கிரோஷ்நியானுக்கும் லிவாடேவுக்கும் இடையிலான பகுதியைப் பாருங்கள். ரயில்தடத்தின் மிக உயரமான இடம் கிரோஷ்நியான் அருகே 293 மீட்டரில் உள்ளது. லிவாடேவோ மிர்னா ஆற்றுச் சமவெளியில், கடல்மட்டத்தைவிடச் சற்றே உயரத்தில் உள்ள ஊர். நேர்க்கோட்டில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர்தான் இடைவெளி. ரயில்தடம் ஒவ்வொரு மடிப்பிலும் புகுந்து வெளிவந்து, அதைப்போல் இருமடங்குக்கும் மேலான தூரம் சுற்றி இறங்குகிறது. அந்தச் சுற்றலை வீண் என்று நினைப்பவர் சாலையில் இறங்கலாம். பிரேக் கட்டைகள் அதற்கு விலை கொடுக்கும்.

உங்கள் இருவருக்கும் என் பரிந்துரை: நெடுந்தூரத்துக்கு ரயில்தடம், ஊருக்குள் ஏறுவதற்கு வண்டிச் சாலை. கல் பாவிய பழைய வழியில் வண்டியை விட்டுவிட்டு நடந்து செல்லுங்கள்.

பற்சக்கரம்

கல்பாலம் சொன்ன சரிவுக் கணக்கை எண்களாக்கித் தருகிறேன். கியரைத் தேர்ந்தெடுக்க உதவும்.

ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து நூறு கிலோ என்று கொள்வோம். பயிற்சியுள்ள, ஆனால் போட்டி வீரர் அல்லாத ஒருவர் நீண்ட நேரம் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் 120 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று விழுக்காட்டுச் சரிவில், சரளையின் உராய்வையும் சேர்த்தால், அந்த 120 வாட்டில் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில் செல்லலாம். பத்து விழுக்காட்டுச் சரிவில் அதே ஆற்றல் நாலு கிலோமீட்டர் வேகத்தையே தரும். ஏறும் உயரம் ஒன்றேயானால் செலவாகும் ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லை. அந்த ஆற்றலை உடல் எந்த வேகத்தில் தர வேண்டியிருக்கிறது என்பதில்தான் முழங்காலின் தலையெழுத்து இருக்கிறது.

மிதியோடு சுழலும் முன்பற்சக்கரத்தில் 34 பல், பின்பற்சக்கரத்தில் 34 பல் என்றால், மிதியை ஒரு சுற்று சுற்றும்போது வண்டி ஏறத்தாழ 2.1 மீட்டர் நகரும். நாலு கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 31, 32 சுற்று. அந்த நிலையில் மிதிப்பது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மிதியிலும் உடல் எடையைத் தூக்கி வைக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். முன்னே 26, பின்னே 40 என்று மாற்றினால் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர் அளவாகக் குறைந்து, நிமிடத்துக்கு 48 சுற்று கிடைக்கும். முழங்கால் அதைப் பொறுத்துக்கொள்ளும். வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், "மலைக்கு ஏற்ற வண்டி" என்று பொதுவாகக் கேட்காமல், மிகச் சிறிய முன்பல்லும் மிகப் பெரிய பின்பல்லும் எத்தனை என்று எண்ணாகக் கேளுங்கள். கடைக்காரர் தயங்கினால் நீங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்லொவேனியப் பகுதி பெரும்பாலும் தார். குரோஷியப் பகுதியில் பெரும்பாலும் சரளை. சில இடங்களில் முட்டை அளவுக் கற்கள்கூடக் கிடக்கும்.

மேட்டுமனை

நான் இதற்கு மாறாகச் சொல்ல விரும்புகிறேன். ரயில்தடம் வசதியானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் குன்றுச்சி ஊரைப் பார்க்க வந்தவருக்கு அந்த வசதி எதைப் பறித்துக்கொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

அந்த ரயில் ஊர்களுக்காகப் போடப்பட்டது என்றாலும் ஊர்களுக்குள் போகவில்லை. கிரோஷ்நியானை உரசிக்கொண்டு செல்கிறது, உண்மைதான். மொத்தோவுனை அது குன்றின் கழுத்திலேயே ஒரு சுரங்கம் வழியாகக் கடந்துவிடுகிறது. 277 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் தலைக்கு மேலே நிற்கும். 378 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒபர்த்தால் ஊரும் அப்படித்தான், பாதை அதற்குக் கீழேயே போய்விடும். தடத்தை மட்டும் நம்பிச் செல்பவர், மரங்களுக்கிடையே தெரியும் சுவர்களைப் பார்த்துவிட்டு அடுத்த சுரங்கத்துக்குள் நுழைந்துவிடுவார்.

முகட்டுச் சாலைகள் அப்படியல்ல. இஸ்திரியாவின் உட்பகுதியில் பள்ளத்தாக்கின் அடியைவிட முகட்டில்தான் பழைய வாழ்க்கை நடந்தது. ஒருமுறை மேலே ஏறிவிட்டால், அடுத்த ஊர் வரை அதிக ஏற்ற இறக்கமின்றி முகட்டிலேயே செல்லக்கூடிய இடங்கள் உண்டு. அங்கிருந்து பார்க்கும்போது ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர் ஏன் கண்ணுக்குத் தெரியும்படி அமைந்தது என்பது தானாகவே விளங்கும். 222 மீட்டர் உயரத்தில் உள்ள புயே ஊரை "இஸ்திரியாவின் காவலாளி" என்று அழைப்பதற்குக் காரணம், அதன் மதில் ஓரத்தில் நின்று கடலைப் பார்ப்பவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உடலுக்கு இயலும் என்றால் ரோச் ஊருக்கும் ஹும் ஊருக்கும் இடையிலான ஏழு கிலோமீட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்லாவிய எழுத்துமுறையான கிளகோலித்திய எழுத்துக்கு நினைவாக 1977ஆம் ஆண்டு முதல் வழியெங்கும் கற்சின்னங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஹும், உலகின் மிகச்சிறிய பட்டணம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். அந்தப் பெருமை சற்று மிகையானது என்பது என் கருத்து. சாலையைப் பற்றி எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

கல்பாலம்

மேட்டுமனை சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் ரோச்சும் ஹும்மும் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலையில் இருப்பவை. போரெச்சை நோக்கிச் செல்பவர்களை அங்கே அனுப்பினால் இரண்டு நாள்கள் கூடுதலாகும். கேட்டவர் ஐம்பதைத் தாண்டியவர், மூட்டையோடு வருபவர்.

உப்பளம்

கடலோரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எல்லோரும் மலையையே பேசிக்கொண்டிருந்தால் ஸ்லொவேனியக் கரையை ஒரே மூச்சில் கடந்துவிடும் அபாயம் இருக்கிறது.

ட்ரியெஸ்டிலிருந்து முஜ்ஜா வரை துறைமுகத் தொழிற்பகுதியின் வழியே செல்வதில் சுவாரசியம் ஏதுமில்லை. வளைகுடாவைக் கடக்கும் பயணிகள் படகு உண்டு. மிதிவண்டியை ஏற்றும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு அதில் சென்றுவிடுங்கள். முஜ்ஜாவுக்குப் பிறகு கோப்பர், இசோலா, போர்தொரோஷ் வழியாகப் பாதை நன்றாக இருக்கும். இசோலாவுக்குப் பின் தடம் கடலைவிட்டு விலகிச் சுரங்கங்கள் வழியாகச் செல்கிறது. அவற்றுள் வலேத்தா சுரங்கம் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. மே மாத வெயிலிலிருந்து அதற்குள் நுழையும்போது சில நொடிகள் எதுவுமே தெரியாது. உள்ளே குளிரும் ஈரமும் சட்டென்று தாக்கும். முன்விளக்கையும் பின்விளக்கையும் நுழைவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். எதிரே விளக்கில்லாமல் வருபவர் எப்போதும் ஒருவராவது இருப்பார்.

செச்சோவ்லியே உப்பளங்களுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். 1993ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்த, ஸ்லொவேனியாவின் முதல் ஈரநிலம் அது. பாத்திகளின் தரையில் பாசியும் களிமண்ணும் கனிமமும் சேர்ந்த மெல்லிய படலம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பாதுகாக்கிறார்கள். உப்பை வாரும்போது அடிச்சேறு கலக்காமல் தடுப்பது அந்தப் படலம்தான். கரைகளில் மிதிவண்டி செல்ல அனுமதியுள்ள வழி எது, நடக்க மட்டும் அனுமதியுள்ள வழி எது என்று நுழைவாயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

அதைத் தாண்டியதும் எல்லை. 2023ஆம் ஆண்டு சனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கன் பகுதியிலும் யூரோ நாணயத்திலும் சேர்ந்துவிட்டதால், முன்புபோல் வரிசையும் பணமாற்றமும் இல்லை. ஆனாலும் அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியும் ஸ்லொவேனியாவும் தற்காலிகச் சோதனைகளைத் தொடங்கின. கடவுச்சீட்டு பையின் அடியில் இருக்கக் கூடாது.

நெடுவழி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பற்சக்கரம் தந்த கணக்கைப் பார்த்ததும் என் வண்டியின் பற்களை எண்ணினேன்: 36க்கு 32. மாற்றியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு ஐயங்கள். மூட்டையோடு மொத்தோவுனுக்கு எப்படி ஏறுவது? மே மாதத்தில் மழை பெய்தால் அந்தச் சரளைப் பாதை என்னவாகும்?

மேட்டுமனை

மொத்தோவுனுக்கு அடிவாரத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் படிகள் உண்டு. 1052 என்று கணக்குச் சொல்வார்கள். மிதிவண்டியோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். சாலை சுற்றிக்கொண்டு ஏறுகிறது. மேலே செல்லச் செல்லக் கல் பாவிய தெருவாகிவிடும். நூற்றாண்டுகளாகத் தேய்ந்த அந்தக் கற்கள் மழையில் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். ஏறும்போது பின்சக்கரம் பிடி இழக்கும். இறங்கும்போது முன்சக்கரம் இழக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. ஆகவே கல் தொடங்கும் இடத்தில் இறங்கித் தள்ளுங்கள், இறங்கும்போதும் தள்ளுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இயலுமானால் ஓர் இரவு மேலேயே தங்குங்கள். பகல் கூட்டம் இறங்கிச் சென்ற பிறகு மதில்மேல் ஒரு சுற்று நடந்தால், மிர்னா பள்ளத்தாக்கும் ஓக் காடும் ஒருசேரத் தெரியும். வெனிஸ் குடியரசு தன் கப்பல்களுக்கு மரம் எடுத்த காடு அது. மலைச் சாலையில் மூச்சு வாங்கும்போது நினைத்துக்கொள்ள ஒரு செய்தி: கார்ப் பந்தய வீரர் மாரியோ ஆந்திரெத்தி 1940ஆம் ஆண்டில் பிறந்த ஊர் மொத்தோவுன்தான்.

செம்மண்

மழையைப் பற்றிய கேள்விக்கு மண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடை தர முடியாது. இஸ்திரியாவை அங்குள்ளவர்களே வெள்ளை, சாம்பல், சிவப்பு என்று மூன்று நிறமாகப் பிரிப்பார்கள். வடகிழக்கில், 1,400 மீட்டர் அளவுக்கு உயரும் உச்கா மலையை ஒட்டியது வெள்ளை. வெறும் சுண்ணாம்புப் பாறை. நடுவில் களிக்கல்லும் மணற்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்த சாம்பல் நிலம். மேற்கிலும் தெற்கிலும் கரையை ஒட்டிச் சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த செம்மண் மேட்டுநிலம்.

மிதிவண்டிக்காரருக்கு இது வெறும் புவியியல் பாடமல்ல. சாம்பல் நிலத்தில் மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடி, நிலத்தை ஆழமாக அறுக்கிறது. அதனால்தான் அங்கே குன்றும் பள்ளமும் மாறி மாறி வருகின்றன. அந்தக் குன்றுகளின் மீதே நீங்கள் தேடிச் செல்லும் ஊர்கள் நிற்கின்றன. அந்தச் சாம்பல் களி நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு, மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே இறுகி, வண்டியை நகரவிடாது. ரயில்தடத்தில் சரளை இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடலாம். குறுக்குவழி என்று தோட்டங்களுக்கிடையே உள்ள மண்பாதையில் மழை நாளில் இறங்கினால் தப்ப முடியாது. மேற்குக் கரையின் செம்மண் நிலத்தில் நேர்மாறான சிக்கல். சுண்ணாம்புப் பாறை நீரை உறிஞ்சிவிடுவதால் மேற்பரப்பில் ஓடையே இருக்காது. மழை நின்ற சிறிது நேரத்தில் பாதை காய்ந்துவிடும். ஆனால் வெயில் நாளில் நிழலும் நீரும் அரிது. கிளம்பும் ஊரிலேயே புட்டிகளை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கடலோரம் என்றால் சமதரை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். போரெச்சுக்குத் தெற்கே வர்சார் வரை அப்படித்தான் இருக்கும். அதன்பின் லிம் என்னும் கடற்கால் குறுக்கிடுகிறது. ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் புகுந்திருக்கும் அதன் இரு கரைகளும் நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. வர்சாரிலிருந்து ரொவின் நேர்க்கோட்டில் எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். சாலையில் அதைப்போல் மூன்று மடங்கு. கடற்காலின் தலைப்பகுதிக்கு இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். குன்றுச்சி ஊர்கள் முடிந்துவிட்டன என்று கியரை மறந்தவர்கள் இந்த ஏற்றத்தில்தான் திகைத்து நிற்பார்கள்.

வாடை

காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. வடகிழக்கிலிருந்து வீசும் போரா, குளிர்காலத்தில் ட்ரியெஸ்டில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். தெருக்களில் மக்கள் பிடித்துக்கொண்டு நடப்பதற்குக் கயிறு கட்டிய நகரம் அது. 1910ஆம் ஆண்டில் முஜ்ஜா அருகே பாரென்சானா ரயிலையே போரா கவிழ்த்தது. மே மாதத்தில் அந்த உக்கிரம் இருக்காது என்றாலும், முன்னறிவிப்பில் அதன் பெயர் இருந்தால் பாலங்களிலும் திறந்த மேடுகளிலும் செல்ல வேண்டிய நாளைத் தள்ளிப்போடுங்கள். பக்கப்பைகள் பாய்மரமாகிவிடும்.

நமக்கு உதவும் காற்றும் ஒன்று உண்டு. தெளிந்த வானிலையில், முற்பகலில் எழுந்து மாலையில் அடங்கும் வடமேற்குக் கடற்காற்றை மாயெஸ்திரால் என்பார்கள். மேற்குக் கரை ஏறத்தாழ வடக்கு தெற்காகக் கிடப்பதால், போரெச்சிலிருந்து பூலாவை நோக்கிப் பிற்பகலில் செல்பவருக்கு அது பின்காற்று. எதிர்த்திசையில் வருபவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்வீர்கள். நீங்கள் வைத்திருக்கும் திசை சரியானது, மாற்ற வேண்டாம். தென்கிழக்கிலிருந்து யூகோ வீசத் தொடங்கினால் மட்டும் மேகத்தையும் மழையையும் எதிர்பாருங்கள்.

மின்மிதி

இவ்வளவு கணக்கும் எதற்கு? மின்மிதிவண்டி எடுத்தால் மேடு என்ற சொல்லே இந்த இழையில் வந்திருக்காது.

பற்சக்கரம்

வாடகைக்கு அங்கேயே எடுப்பதானால் நல்ல யோசனைதான். சொந்த வண்டியை விமானத்தில் கொண்டுசெல்ல நினைத்தால் நடக்காது. பயணிகள் விமானத்தில் லித்தியம் மின்கலத்துக்கு உச்ச வரம்பு 160 வாட்-மணி. மின்மிதிவண்டியின் கலமோ பெரும்பாலும் 400 அல்லது 500க்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி மோட்டாரின் தொடர் ஆற்றல் 250 வாட்டுக்குள் இருக்கும். 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிடும். ஏற்றத்துக்கு அது தாராளம். வண்டியின் எடை இருபது கிலோவைத் தாண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மொத்தோவுனின் கல்தெருவில் தள்ளும்போதும், விடுதிப் படிகளில் தூக்கும்போதும் மோட்டார் உதவிக்கு வராது.

கல்பாலம்

மலையுச்சிக்கும் கடற்கரைக்கும் இடையே ஒரு தொடர்பை யாரும் தொடவில்லை. பாதையைத் தேர்ந்தெடுக்க அதுவும் உதவும் என்பதால் எழுதுகிறேன். இந்த ஊர்கள் ஏன் மேலே ஏறிக்கொண்டன என்று கேட்டால், பகைவர்க்கு அஞ்சி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. வரலாற்றுக் காலத்துக்கு முன்பே அங்கே குன்றுக் குடியிருப்புகள் இருந்தன. ரோமர் கி.பி. 78ஆம் ஆண்டு அளவில் ட்ரியெஸ்டிலிருந்து போரெச் வழியாகப் பூலாவுக்குப் போட்ட விய பிளாவியா சாலை, கரையோர நகரங்களைச் செழிக்க வைத்தது. போரெச்சில் ஆறாம் நூற்றாண்டின் பொன்னிறப் பதிகல் ஓவியங்களோடு நிற்கும் யூப்ரேசியப் பேராலயமும், பூலாவில் முதலாம் நூற்றாண்டின் அரங்கமும் அந்தச் செழிப்பின் மிச்சங்கள். பிறகு போரும் கொள்ளைநோயும் மலேரியாவும் தாழ்நிலத்தைக் காலிசெய்தன.

இதைக் கண்ணால் காண ஓர் இடம் உண்டு. ரொவினிலிருந்து உள்நாட்டுக்குச் சென்றால், லிம் கடற்காலின் தொடர்ச்சியான வறண்ட பள்ளத்தாக்கில் ட்விகிராட் என்னும் பாழூர் நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் போராலும் நோயாலும் மக்கள் வெளியேறத் தொடங்கினர். 1714ஆம் ஆண்டில் தேவாலயப் பங்கும் மேட்டிலுள்ள கன்ஃபனாருக்கு மாற்றப்பட்டது. மதிலும் வீதியும் கூரையில்லாத வீடுகளும் அப்படியே கிடக்கின்றன. மொத்தோவுனின் ஒழுங்கான சதுக்கத்தைப் பார்த்த கண்ணோடு ட்விகிராடைப் பாருங்கள். ஒன்று வாழ்ந்ததும் மற்றொன்று மடிந்ததும் எவ்வளவு சிறிய வேறுபாட்டால் என்று தோன்றும்.

கரையோர மலேரியா நெடுங்காலம் நீடித்தது. பூலாவுக்கு எதிரே உள்ள பிரியூனித் தீவுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக்கின் வழிகாட்டலில் அது ஒழிக்கப்பட்டது. இன்று கூட்டம் அலைமோதும் கடற்கரை அப்போது மனிதர் அஞ்சிய இடம். ஆகவே, உட்பகுதியைப் பழைய நாடென்றும் கரையைப் புதிய நாடென்றும் பிரித்துக்கொண்டு, ஏதோ ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம்.

மேட்டுமனை

ட்விகிராட் பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால், நண்பரே, அங்கே செல்வதற்கும் உங்கள் ரயில்தடம் உதவாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்பாலம்

குறித்துக்கொண்டேன். ரயில் வரும்போது அந்த ஊர் காலியாகி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. நிலையம் கட்டாததை மன்னிக்கலாம்.

நெடுவழி

இருவருடைய கருத்தையும் சேர்த்துத் திட்டத்தை மாற்றியிருக்கிறேன். முஜ்ஜாவுக்குப் படகு, செச்சோவ்லியேவில் உப்பளத்துக்கு அரை நாள், அங்கிருந்து ரயில்தடத்தில் புயே, கிரோஷ்நியான் வரை. அதன்பின் லிவாடேவுக்கு இறங்குவதும் தடத்திலேயே. மொத்தோவுனுக்குச் சாலையில் ஏறி, இரண்டு இரவு தங்கி, மூட்டைகளை விடுதியில் வைத்துவிட்டு ஒரு நாள் ஒபர்த்தாலுக்கு வெறும் வண்டியோடு ஏறிப் பார்ப்போம். மேட்டுமனை சொன்ன முகட்டுச் சாலைக்கு அந்த ஒரு நாள். பிறகு விஷினாடா வழியாகத் தடத்தில் போரெச், கரையில் வர்சார், லிம், ரொவின், ட்விகிராடுக்கு ஒரு நாள், பின்காற்றில் பூலா. ரோச்சும் ஹும்மும் இந்த முறை இல்லை. பின்பல்லை 42 ஆக்கச் சொல்லியிருக்கிறேன், முன்பல் 28. என் மனைவி மின்மிதிவண்டிதான் வேண்டும் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்; மேட்டில் எனக்காகக் காத்திருக்கவும் சம்மதித்திருக்கிறார்.

பூலாவிலிருந்து மிதிவண்டிகளோடு ட்ரியெஸ்டுக்குத் திரும்ப வழி என்ன?

உப்பளம்

பூலாவில் ரயில் நிலையம் இருக்கிறது. 1876ஆம் ஆண்டில் ஆஸ்திரியர் போட்ட அந்தப் பாதை பசின், புசெத் வழியாக வடக்கே ஸ்லொவேனியாவின் திவாச்சாவுடன்தான் இணைகிறது. குரோஷியாவின் மற்ற ரயில்பாதைகளோடு நேரடி இணைப்பு இல்லை. ஆகவே நடுவில் மாற வேண்டியிருக்கும். எல்லையைத் தாண்டும் வண்டி எந்த நாள்களில் ஓடுகிறது என்பதையும், மிதிவண்டிக்கு இடம் உண்டா என்பதையும் முன்னதாகவே விசாரித்துவிடுங்கள். திவாச்சாவில் இறங்கினால் ட்ரியெஸ்ட் முப்பது கிலோமீட்டருக்குள்தான். சுண்ணாம்பு மேட்டுநிலத்திலிருந்து கடலுக்கு, பெரும்பாலும் இறக்கம். உங்கள் மனைவியின் வாடகை வண்டியை மட்டும், எடுத்த நாட்டிலேயே திருப்பித் தர வேண்டுமா, எல்லை தாண்டக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கோடைக்காலத்தில் இஸ்திரியாவின் மேற்குக் கரையிலிருந்து ட்ரியெஸ்டுக்குப் பயணிகள் கப்பலும் ஓடும். மே மாதத் தொடக்கத்தில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பற்சக்கரம்

28க்கு 42 மிக நல்ல கணக்கு. ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர். பின்பல்லை 42 ஆக்கும்போது சங்கிலியின் நீளத்தையும் பின் கியர் மாற்றியின் கொள்ளளவையும் மெக்கானிக்கிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய சங்கிலியையே போட்டால் பெரிய பல்லில் இழுத்துப் பிடித்து, மாற்றியின் கொக்கி முறியும். லிவாடே இறக்கத்துக்கு முன் இரண்டு சோடி பிரேக் கட்டைகளும் பையில் இருக்கட்டும்.